அனோஜாவின் சந்தைக்காரி

அனோஜாவுக்கு மூக்குச் செய்யத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கிளிநொச்சியில் ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். கைபேசியில் விளையாடுகிற கேம் செய்கிறோம். படம் அவள் வேலை, அதை ஓடவைப்பது என் வேலை. ஸ்கந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து கணினிக்குள் தலையைக் கவிழ்த்தால் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற நினைப்பு.

எங்கள் முதல் கேமில் ஒரு சந்தை வரும். பழைய பாணி, எல்லாமே சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள். அதில் கத்தரிக்காய் விற்கும் ஒரு பெண்ணை வைத்திருந்தாள். முகத்துக்குக் கொஞ்சம் மாநிறப் புள்ளிகள், நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி. கண்கூட இல்லை.

"ஆர் இது?" என்று கேட்டேன்.

"அம்மா."

அவளுடைய அம்மா கடைசிச் சண்டையில் போய்விட்டார். அப்போது இவளுக்கு ஆறு வயது. இடம்பெயர்ந்த வழியில் வீட்டிலிருந்த புகைப்படங்களும் தொலைந்துபோயின, ஒன்றுகூட மிஞ்சவில்லை. இங்கே யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் எங்கள் பொறுப்பாளர் ஜெயரூபி அக்கா, புள்ளிப் படத்துக்கு இனி மவுசு இல்லை, நேரில் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் திரும்பச் செய்யுங்கள் என்றார். அனோஜா கத்தரிக்காயில் புழு துளைத்த ஓட்டை வரை செய்தாள். அந்தப் பெண்ணின் தலை மட்டும் முட்டைபோல வழுவழுவென்று கிடந்தது. எனக்குப் பொறுமை குறைவு. கத்திவிட்டேன்.

"மூக்கு எப்பிடி எண்டு தெரியேல்ல அண்ணா," என்றாள். "சித்தி முதல் கூர்மூக்கு எண்டவா. பிறகு இல்லையாம், சப்பையாம். அவாக்கும் மறந்துபோச்சு. புள்ளியில கீறேக்க இந்தக் கரைச்சல் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறதே அவ்வளவுதான்."

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முதுகு வடிவாத் தெரியும். அவா முன்னால நடக்க, நான் சீலையைப் பிடிச்சுக்கொண்டு பின்னால போனனான்."

முதுகைச் செய்தாள். அள்ளிச் செருகிய கொண்டை, கழுத்தில் வேர்க்குரு, சட்டையில் கொக்கிக்குப் பதில் ஊசி. அந்தச் சந்தையில் உயிரோடு இருந்தது அந்த முதுகு ஒன்றுதான். ஆனால் முப்பரிமாணத்தில் விளையாடுபவர் சுற்றிவந்து முன்னால் பார்க்கலாமே. எந்தப் பக்கம் போனாலும் அம்மா முதுகையே காட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்படியே நிரல் எழுதிக் கொடுத்தேன்.

ஜெயரூபி அக்கா விளையாடிப் பார்த்தார். "கிருசாந்தன், இந்த மனுசி முகம் காட்டுறாவில்லை. பிழையைத் திருத்துங்கோ."

"பிழையில்லை அக்கா," என்று அனோஜா முந்திக்கொண்டாள். "எங்கட அம்மா அவா." அக்கா அவளைப் பார்த்தார், சரி என்றார்.

மறுநாள் மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அனோஜா கேமுக்குள் அந்தப் பெண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் போனாள். சட்டென்று வலப்பக்கம் ஓடினாள். போய்விடுவதுபோல் விலகி, திடீரென்று திரும்பினாள். எங்கும் முதுகுதான். அந்தப் பெண் திரும்பினாலும் அங்கே முகம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அனோஜா, அது திரும்பாது. நான்தானே எழுதினனான்."

"தெரியும் அண்ணா," என்றாள், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். "நீங்கள் எங்கையாவது ஒரு பிழை விட்டிருப்பியள் எண்டு பாக்கிறன்."