கவருக்குள் போன பன்னிரண்டு ஓட்டு

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, பாப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சலா என்று கேட்டுக் கார்டு போட்ட அத்தனை பேருக்கும் நன்றி. பாப்பா நன்றாக இருக்கிறாள். இரண்டு இட்லியை முழுசாகச் சாப்பிடுகிறாள். அவள் அம்மாவுக்குத்தான் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போய் வந்தேன். அவ்வளவுதான்.

டீச்சர் வேலையில் இருப்பவர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் இது ஊராட்சித் தேர்தல். பல வருஷமாக நடக்காமல் கிடந்து இப்போதுதான் நடக்கிறது. ஆறாம் வகுப்புக்கு 'மக்களாட்சி' பாடம் நடத்துகிறவள் நான். கிராம மக்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதி, நடக்காத ஒன்றை நடப்பது மாதிரிச் சொல்லிக்கொடுத்தவள். இந்த முறை நேரிலேயே பார்க்கப் போகிறோம் என்று — சிரிக்காதீர்கள் — கொஞ்சம் சந்தோஷமாகவே கிளம்பினேன். பாப்பாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, பால் டப்பாவில் அளவுக்குக் கோடு போட்டுக் காட்டிவிட்டு.

தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம்தான் பூத். நாங்கள் நான்கு பேர். தலைமை அதிகாரிக்கு ரிட்டயராகச் சில மாதங்கள்தான் பாக்கி. ஒருவர் பெயர் படித்து டிக் அடிக்க, இன்னொருவர் சீட்டுக் கிழித்துக் கொடுக்க, நான் விரலில் மை வைக்க.

ஏழு மணிக்குத் திறந்தோம். ஏழேகாலுக்குப் பண்ணாடி வந்தார். ஊரில் பாதித் தோட்டம் அவருடையது. அதனால் எல்லோருக்கும் அவர் பண்ணாடி. முதலில் அவர் அப்பா தலைவர். பிறகு இவர். தேர்தல் நின்றுபோன வருஷங்களில் அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, இவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாராம். இந்த முறை நிற்பவர் இவர் மகன்.

"வாங்க டீச்சரம்மா. காப்பி ஆச்சுங்களா? கொழந்தைய உட்டுப்போட்டு வந்திருக்கறீங்க, பாவம். பீளமேட்டுலதானுங்களே ஊடு?"

என் வீடு பீளமேட்டில்தான். அதை நான் அந்த ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஒண்ணுங் கவலப்படாதீங்க. நம்மூர்ல எல்லாம் அமைதியா நடக்குமுங்க. சாயங்காலம் உங்களப் பத்தரமா அனுப்பி வெக்கறது எம்பொறுப்பு."

மிரட்டுவது என்றால் மீசையை முறுக்குவார்கள், சத்தம் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூட மரியாதை குறையாமல் பேசினார். காப்பியில் சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டார்...

எதிர்த்து நின்றவர், மில் மூடியதால் வேலை போன ஒருவர். அவருடைய ஏஜென்ட் ஒன்பது மணிக்கே, "வவுறு சரியில்லீங்க" என்று எழுந்து போனார். திரும்பவில்லை. அன்று அந்த ஊரில் நிறையப் பேருக்கு வயிறு சரியில்லை.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு வாலிபன், காலையில் ஓட்டுப் போட்டவன், மறுபடியும் வந்து நின்றான்.

"ஏப்பா, நீ முன்னாடியே வந்தியே?" என்றேன். அதையாவது கேட்டேன்.

"அது எங்கண்ணனுங்கக்கா. ரெண்டு பேரும் ஒரே சாடை."

"விரல்ல மை இருக்கே?"

"அண்ணங் கையப் புடிச்சனுங்க. ஒட்டிக்கிச்சு."

பெஞ்சில் மிச்சமிருந்த, பண்ணாடி பக்கத்து ஏஜென்டுகள் சிரித்தார்கள். தலைமை அதிகாரி குனிந்து எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பண்ணாடி வெற்றிலை மடித்தபடி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார்.

"இந்த வெரல்ல வைங்கக்கா" என்று அவன் பக்கத்து விரலை நீட்டினான்.

வைத்தேன்.

மூன்றாவது முறையும் வந்தான். நான்காவது முறை அவன் காரணம் எதுவும் சொல்லவில்லை. விரலை மட்டும் நீட்டினான். நானும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரே கையில் நான்கு விரல் மை. நான்கும் என் கையால் வைத்தது.

ஏன் வைத்தாய் என்று கேட்கிறீர்களா? பாப்பாவை நினைத்து என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையாகவும் இருக்கலாம். சாக்காகவும் இருக்கலாம். இரண்டு வாரமாக யோசிக்கிறேன், பிரிக்கத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ராமாத்தாள் வந்தாள். ஊருக்குக் கிழக்கே இருக்கிற காலனியில் வீடு. பண்ணாடி தோட்டத்தில்தான் கூலி வேலை. முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை — பாப்பா வயதுதான்.

டிக் அடிப்பவர் பெயரைத் தேடிப் பார்த்து நிமிர்ந்தார். "போட்டாச்சே!"

"யாருங்க போட்டது? நா இப்பத்தான வாரேன்?"

பெஞ்சிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "ஏ ராமாத்தா, காத்தாலயே போட்டுப்போட்டு, இப்ப எதுக்கு மறுக்கா வந்து நிக்கற? மறந்துட்டியா? போ, போ." எனக்குக் கொடுத்த மரியாதையெல்லாம் அவளுக்குக் கிடையாது போலிருக்கிறது.

அவள் போகவில்லை. குழந்தையை என் மேஜை மேலேயே உட்கார வைத்தாள். பத்து விரல்களையும் விரித்து எனக்கு முன்னால் வைத்தாள். காய்ப்புக் காய்த்த, வெடித்த, சுத்தமான பத்து விரல்கள்.

"பாருங்க டீச்சர். எந்த வெரல்லயாச்சும் மை இருக்குதுங்களா? நீங்கதான மை வெக்கறவங்க. நீங்களே சொல்லுங்க."

சொல்லவேண்டியது நான்தான். வேறு யாரும் இல்லை. மேஜையில் உட்கார்ந்திருந்த குழந்தை மை பாட்டிலை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. நான் சட்டென்று பாட்டிலை நகர்த்தினேன்; மை கொட்டி என் விரலெல்லாம் ஆனது. அந்தக் கலவரத்தில்தான் வாய் திறந்ததோ என்னவோ.

"இல்லை" என்றேன். "சார்... டெண்டர் ஓட்டு கொடுக்கலாம் சார். ட்ரெயினிங்ல சொன்னாங்க."

பயிற்சி வகுப்பில் எல்லோரும் தூங்கிய மத்தியானத்தில் நான் மட்டும் நோட்டு எழுதினேன். நல்ல மாணவி அல்லவா! ஒருவர் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டுவிட்டால், உண்மையான ஆளுக்குத் தனியாகச் சீட்டுத் தரவேண்டும். பெயர் எழுதி, கையெழுத்து வாங்கவேண்டும். ஆனால் அந்தச் சீட்டு பெட்டிக்குள் போகாது. ஒரு கவரில் போட்டு ஒட்டி வைப்பார்கள். எண்ணமாட்டார்கள். யாராவது கோர்ட்டுக்குப் போனால்தான் அந்தக் கவருக்கு வேலை.

தலைமை அதிகாரி என்னை முறைத்தார். வாசலிலிருந்து பண்ணாடி சிரித்தார்.

"குடுங்க சார். டீச்சரம்மா ஆசப்படறாங்க. எண்ணவா போறீங்க?"

சட்டம் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

ராமாத்தாள் கைநாட்டு வைக்கவில்லை. எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். நான் விரலில் மை வைத்தேன். முத்திரை குத்திக்கொண்டு பெட்டியை நோக்கிப் போனவளைத் தடுத்து, தலைமை அதிகாரி கவரை நீட்டினார்.

"பொட்டிக்குள்ள போட வேண்டாமுங்களா?"

"இல்லம்மா. இதுக்குத் தனிக் கவர்."

அவள் என்னைப் பார்த்தாள். "எண்ணுவீங்களா, டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். "எண்ணமாட்டாங்க" என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க குடுத்தீங்க?"

"நீங்க வந்தீங்கன்னு... உங்க ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்கன்னு... எழுதி வைக்க."

அவள் சீட்டை மடித்துக் கவருக்குள் போட்டாள். "பேரத் தப்பில்லாம எழுதிப்போடுங்க" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.

நாலேகாலுக்கு வாசலில் பேச்சுச் சத்தம். காலனிப் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். பதினோரு பேர். முன்னால் நின்ற அம்மாள் கேட்டார்:

"ஏனுங்க சார், அந்தக் கவருல போடற ஓட்டு... எங்களுக்கும் குடுங்க."

லிஸ்டைப் பார்த்தோம். பதினோரு பெயருக்கும் டிக். பதினோரு பேர் விரலும் சுத்தம்.

பெஞ்சில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. காலையில் ஓட்டுப் போட்டதற்குப் பிறகு முதல்முறையாகப் பண்ணாடி பூத்துக்குள் காலெடுத்து வைத்தார். "நேரமாச்சுங்க சார். பொட்டியப் பூட்டுங்க."

நான் தலைமை அதிகாரியைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். மாட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு இன்னும் நாப்பது நிமிசம் இருக்குதுங்க" என்றார். "வரிசையில வாங்கம்மா." ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் 'டெண்டர் ஓட்டு' என்று தன் கையாலேயே எழுதினார். தனி லிஸ்டில், ராமாத்தாளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெயரும் தப்பில்லாமல்.

ரிசல்ட்டை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மகன் ஜெயித்தார், பெரிய வித்தியாசத்தில். ஓட்டுப் பதிவு முடிந்து அன்று சாயங்காலம் நாங்கள் ஏறிய ஜீப்பில் இளநீர்க் குலை ஒன்று கிடந்தது. "பண்ணாடி கொழந்தைக்குக் குடுத்துவிட்டாருங்க" என்றார் டிரைவர். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் வாங்கி வைத்தார்கள். பாப்பா குடித்தாள்.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா அந்தப் பக்கத்திலிருந்துதான் பஸ்ஸில் வருகிறார். அவர் சொல்லித்தான் தெரியும்: அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் இப்போது பண்ணாடி தோட்டத்தில் வேலை இல்லையாம். இரண்டு பஸ் மாறி, வேறு ஊருக்குத் தக்காளி பறிக்கப் போகிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சாதம் இறங்கவில்லை. நான் நோட்டு எழுதாமல் தூங்கியிருந்தால்? 'டெண்டர் ஓட்டு' என்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? எண்ணாத ஓட்டுக்காக எண்ணி எண்ணிக் கொடுத்த கூலி போய்விட்டதே! எனக்கோ ஒன்றும் ஆகவில்லை. சம்பளம் வந்துவிட்டது.

நேற்று ஆயா பஸ்ஸில் ராமாத்தாளைப் பார்த்தாராம். "மை டீச்சர் உங்க ஸ்கூல்தானுங்களா?" என்று கேட்டாளாம். திட்டத்தான் போகிறாள் என்று நான் தயாராகிவிட்டேன்.

"என்ன சொன்னா ஆயா?"

"அடுத்த எலெச்சனுக்கு காத்தால ஏழு மணிக்கே வந்து நின்னுக்குவாங்களாம். அவியளுக்கு முன்னாடி ஒருத்தரும் போட முடியாதாம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னா, டீச்சர்."

அடுத்த தேர்தல்! பல வருஷம் நடக்காமல் கிடந்த ஒன்று, மறுபடியும் எப்போது வருமோ, வந்தாலும் ஏழு மணிக்கு வாசலில் யார் நிற்கவிடுவார்களோ... எனக்கு வருகிற சந்தேகம் ஒன்றுகூட அவளுக்கு வரவில்லையா? வந்திருக்கும். வேலை போனவள் அவள்தானே. அப்படியும் நேரம் குறித்துவிட்டாள்.

என் விரலில் கொட்டிய மை இன்னும் போகவில்லை. பாப்பா அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். அடுத்த முறை டியூட்டி எந்த ஊரில் விழுமோ தெரியாது. விழுகிற இடத்தில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது.

ஒரு ஆளுக்கு ஒரு விரல்தான்.