கொண்டே கோ?

கத்தரிக்கோலைக் கீழே வைத்த கன்னியர்மடத்துச் சிஸ்டர், "இப்பதான் அச்சொட்டா அவவே!" என்று கையைத் தட்டினார். நான் நிலத்தில் கிடந்த என் பின்னலை எடுத்தேன்.

பிரான்ஸ் தேசத்தில் ஆண் உடுப்புப் போட்டு, முடியைக் கத்தரித்து, படை நடத்தி, கடைசியில் உயிரோடு எரிக்கப்பட்ட புனிதையை நான் தனியொருத்தியாக மேடையில் நடிக்க வேண்டும். "தொப்பி போட்டு மறைச்சால் போதாதோ, சிஸ்டர்?" என்று முதலே கெஞ்சிப் பார்த்தேன். "நாடகத்தில நீதிபதி கேக்கிறதே முடியைப் பற்றித்தானே, மகள்" என்று முடித்துவிட்டார். எரியப்போவது நான்தானே, அவருக்கென்ன!

வெட்டிய பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த சித்தி, "என்ர மாதாவே!" என்று நெஞ்சில் கைவைத்தார். "யாழ்ப்பாணத்து ஐடென்டிகாட். இப்ப கட்டை முடியும். இயக்கப் பெட்டை எண்டு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரியெல்லோ நிக்கிறாய்!"

அவர் சொன்னது பொய்யில்லை. இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குப் போன பெட்டைகள் முடியைக் கட்டையாகத்தான் வெட்டியிருப்பார்கள். கட்டை முடியோடு ஒரு தமிழ்ப் பெட்டையைக் கண்டால் செக்பொயின்றில் மறித்துக் கொண்டுபோகிற காலம் அது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

நாடகம் வெள்ளவத்தையில். மறுநாள் பின்னேரம் நான் முக்காடு போட்டுக்கொண்டேன். சித்தி ஒரு பையைத் தூக்கிக்கொண்டார். பஸ் ஏறினோம். புறக்கோட்டை தாண்டியதும் மறித்து, எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் என் அடையாள அட்டையைப் பார்த்தான். படத்தில் தோளால் முன்னுக்கு விழுகிற தடித்த பின்னல். முக்காட்டை விலக்கச் சொன்னான்.

"கொண்டே கோ?"

முடி எங்கே என்கிறான். எனக்குத் தெரிந்தது கொஞ்சச் சிங்களம்தான். "நாட்யயகட்ட, மஹத்தயா" என்றேன். நாடகத்துக்காக, ஐயா. அவன் முகம் மாறவில்லை. மணல்மூட்டைப் பக்கம் போய் நிற்கச் சொன்னான். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. சித்தி ஏறவில்லை; என் பக்கத்தில் வந்து நின்றார்.

சித்தி பையைத் திறந்தார். உள்ளே துணியில் சுற்றி என் பின்னல்! அதை எப்போது எடுத்து வைத்தாரோ, எனக்குத் தெரியாது. "மே தியென்னே, புத்தே!" ‘இந்தா இருக்கு, மகன்’ என்று அவனைக் கூப்பிட்டு, அதை என் பிடரியில் பொருத்திப் பிடித்துக் காட்டினார்.

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்ன நாடகம் என்று கேட்டான். படையை விரட்டிய பெட்டையின் கதை என்று சொல்ல முடியுமா? "சாந்துவரியக்" என்றார் சித்தி. ஒரு புனிதை. கையையும் கூப்பிக் காட்டினார். கடைசியில் அட்டையைத் தந்தான். ஆனால் திரும்பிப் போகும்போதும் அவனிடம் வந்து காட்ட வேண்டுமாம்.

அந்தப் பயத்தோடுதான் கையில் சங்கிலியுடன் மேடையில் நின்றேன். நீதிபதிக்கும் நானே குரல் கொடுக்க வேண்டும். "பெண்ணே, முடியை ஏன் வெட்டினாய்?" என்று தடித்த குரலில் கேட்டேன். பிறகு மறுபக்கம் திரும்பி, அது கடவுளின் கட்டளை என்று முழங்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"நாட்யயகட்ட, மஹத்தயா."

திரைக்குப் பின்னால் சிஸ்டர் "ஐயோ!" என்றது எனக்குக் கேட்டது. மண்டபம் நிறையத் தமிழ்ச் சனம். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் சித்தி அந்தப் பையை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.