சாம்பியனின் கழுத்தும் என் தலைமுடியும்

கல்யாணமான புதிதில், டிவி மல்யுத்தத்தின் மீது என் மனைவிக்கு இருந்த வெறியைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வரும். அந்த வருடத்தின் பெரிய போட்டிக்கு ஒரு வாரம் இருந்தபோது, அவளுடைய சாம்பியனை எதிராளி பின்னாலிருந்து நாற்காலியால் அடித்து, கழுத்தைக் காயப்படுத்திவிட்டான். அன்று உச்சிப்புளியில் எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

மறுநாள் காபியைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அவரு ஜெயிச்சா உங்களுக்கு மொட்டை போடுறேன்னு எங்க ஊரு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"அதுக்கு என் தலைதான் கெடைச்சுச்சா? யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சுத்தான் அடிக்கிறாய்ங்க."

"தெரியும். அந்த எழுதுறவுகளுக்கு நல்ல புத்தியைக் குடுன்னுதான் வேண்டுனேன்."

காபியைக் குடித்துவிட்டுக் கண்ணாடியில் என் தலையைப் பார்த்துக்கொண்டேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில். என் முடி தப்புமா என்று பார்க்கத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பியன் மல்லாந்து கிடந்தார். நடுவர் தரையைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்றாவது தட்டு விழுந்தால் தோல்வி. அதற்குக் கை இறங்கும்போது, "எந்திரிய்யா, எந்திரி" என்று ஒரு கூச்சல். கத்தியது நான்தான். அவர் எழுந்தார், ஜெயித்தார். என் மனைவி என் முடியைக் கோதிவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் கமுதிப் பக்கம் அவள் ஊர்க் கோயிலில் தலையை நனைத்துக்கொண்டு குனிந்தேன். "என்ன வேண்டுதல் மாப்ள?" என்று கேட்டார் முடியெடுப்பவர்.

"வேண்டப்பட்டவர் ஒருத்தருக்குக் கழுத்துல அடி. இப்ப நல்லாயிட்டாரு" என்றேன்.

சொல்லும்போது, அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.