தண்டோரா போட்டு அழைத்த விருந்து

தங்கை தன் இஷ்டத்துக்குக் குருசுக்குப்பத்து மீனவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது, அப்பா என்னையும் அண்ணன்களையும் அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அவளை வாயால் அழைக்கக் கூடாது, கடிதமும் போடக் கூடாது. அப்பா சாவுக்கு வந்தவள் தெருமுனையிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். உள்ளே வா என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம் எனக்குத்தான் அதிகம்.

பதினாறு வருஷம் கழித்து அம்மா, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் ஒருதரம் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றாள். தெருவில் பந்தல் போட்டு விருந்து வைப்பதென்று முடிவாயிற்று. எல்லாரும் என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? நான் வக்கீல் குமாஸ்தா, சட்டத்தில் சந்து தேடுவதே பிழைப்பு. தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறவர் ஒரு வாரம் முன்னால் ஊருக்குத் தண்டோரா போட வேண்டும் என்று பிரெஞ்சுக்காரன் காலத்து விதி ஒன்று பழைய சட்டக் காகிதக் கட்டுக்குள் கிடந்தது. அதை யாரும் மதிப்பதில்லை, ரத்து செய்யவும் இல்லை. தண்டோரா என் வாயும் இல்லை, கடிதமும் இல்லை. பறையடிக்கிறவரிடம் அம்மா பேரைச் சொல்லி விருந்தை அறிவிக்கச் சொல்லிவிட்டு, "குருசுக்குப்பத்துல ரெண்டு தரம் சொல்லுங்கண்ணே" என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்தக் காலத்தில் தெருவில் பறை கேட்டால் சாவு என்றுதான் நினைப்பார்கள். அது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் தங்கை வந்தாள், தலை அவிழ்ந்து, செருப்பில்லாமல், மாரில் அடித்துக்கொண்டு. பறையும் அம்மா பேரும் காதில் விழுந்ததுமே ஓடி வந்திருக்கிறாள். விருந்து என்று சொல்லும்வரை அவள் அங்கே நிற்கவில்லை. அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அம்மாவைக் கண்டதும் தங்கை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நல்லதுக்குத்தான் கூப்புடணும். கெட்டதுக்கு யாரும் கூப்புட வேணாம்னு ஓடியாந்துட்டேன்" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ நல்லாருக்கம்மா. போதும். நான் போறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. விருந்துக்கு ஊரெல்லாம் பறையடித்தாலும் இவள் வந்திருக்க மாட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "தல என்னுது. ஆவறது ஆவட்டும். வாயத் தொறந்து கூப்புடுடா அவள."

தங்கையின் பேரைச் சொன்னேன். "அடுத்த ஞாயித்துக்கெழம விருந்து. வூட்டுக்காரரோட, புள்ளைங்களோட வந்துடும்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன்.