பேரிகைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவள்

மாரம்மா அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள். முதல் தாரம் காளியம்மாளுக்குக் கரு தங்கவில்லை என்று அவளைப் பேரிகையிலிருந்த தாய்வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டுத்தான் கோவிந்தப்பன் இவளைக் கட்டினார். இவளுக்கும் இரண்டு கலைந்துதான் போயின. பிறகு முனிராஜ் பிறந்தான். ஆண்பிள்ளை வந்த வீட்டில் கலைந்ததைப் பற்றி யார் பேசுவார்கள்? புருஷன் செத்தபின் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டியே மகனை ஐ.டி.ஐ. படிக்கவைத்து ஓசூரில் கம்பெனி வேலைக்கு அனுப்பினாள். ரோஷக்காரி, வாயும் கொஞ்சம் நீளம்.

மருமகள் மாதேஸ்வரிக்கு நான்கு முறை கலைந்தது. தாயத்து கட்டினார்கள். நைட் ஷிஃப்டை விடச் சொன்னார்கள், பிறகு வேலையையே விடச் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது மாரம்மா சண்டைக்கே போய்விட்டாள்.

"எம்மவனுக்கு என்னா கொற? ஒவ்வொரு தபாவும் தரிக்குதில்ல? தாங்காதது இவ வவுறு!"

மாதேஸ்வரி மட்டும் கொடுத்தாள். அவளிடம் குறை ஒன்றுமில்லை என்று வந்தது. மாரம்மா நம்பினால்தானே? மாதேஸ்வரியின் தங்கை யுவஸ்ரீயையே மகனுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்தாள். மூத்தவளும் வீட்டிலேயே இருக்கட்டும், நான் யாரையும் துரத்துகிறவள் இல்லை என்று பெருமை வேறு.

"கட்டிக்கட்டும் அத்தே. அதுக்கு முந்தி அவரும் ஒருக்கா ரத்தம் குடுக்கட்டும். இல்லன்னா நான் ஊரக் கூட்டுவேன்" என்றாள் மாதேஸ்வரி.

முனிராஜும் ரத்தம் கொடுத்தான். முடிவு வந்த அன்று மூவரும் போனார்கள். டாக்டரம்மா ஒரு நீலப் பேனாவையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து மூடிகளை மாற்றிப் போட்டுக் காட்டினார்.

"முனிராஜுக்கு ரெண்டு குரோமோசோம்ல துண்டு இப்படி இடம் மாறியிருக்கு. எதுவும் தொலையல, அதனால அவர் நல்லா இருக்கார். பிள்ளைக்குப் போறப்பதான் ஒண்ணு கூடிடும், ஒண்ணு குறைஞ்சிடும். அந்தக் கரு தங்காது. யாரைக் கட்டினாலும் இதேதான். சில கரு சரியா அமையும், நம்பிக்கையை விடாதீங்க. இது பெத்தவங்ககிட்டேருந்து வர்றதுண்டு. உங்க வீட்டுல முன்னாடி யாருக்காவது இப்படிக் கலைஞ்சிருக்கா?"

முனிராஜ் தலையைத் தொங்கப்போட்டான். மாரம்மாவுக்குத் தலையில் இடி இறங்கியது. தனக்கும் கலைந்தது, காளியம்மாளுக்கும் கலைந்தது. வயிறுகள் வேறு வேறு, புருஷன் ஒருவன்தான்.

வெளியே வந்ததும் யுவஸ்ரீயின் அப்பாவுக்குப் போன் போட்டுப் பேச்சை முறித்தாள். பிறகு பேரிகை பஸ்ஸில் ஏறினாள். மாதேஸ்வரியும் கூடவே ஏறிக்கொண்டாள்.

காளியம்மாள் வாசலில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மாரம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். காளியம்மாள் திட்டவில்லை. கையிலிருந்த தக்காளியை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"எந்தப் பாம்ப அடிச்சே, எந்தப் பாம்ப அடிச்சேன்னு எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுக்கினே இருந்தா. நான் ஒண்ணையும் அடிக்கல. இப்ப அவளுக்கு யாரு போயி சொல்றது, மாரி?"