வள்ளத்துக்கு இரண்டாவது பேட்டரி

பேட்டரி வேலை பார்ப்பவன் எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு நொடி யோசிப்பான். யோசிக்காதவனை அவன் கையில் இருக்கும் தழும்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

என் கையில் மூன்று தழும்பு இருக்கிறது. கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை. டிராக்டர், தீப்பெட்டி ஆபீஸ் வேன், போர் போடுகிற லாரி என்று தரையில் ஓடுவதற்கெல்லாம் ஒயர் இழுத்தவன். தரையில் நாம் ஒரு தப்பு செய்தால் வண்டி நிற்கும். டிரைவர் இறங்கி நம்மை நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். தண்ணீரில் அந்த வசதி கிடையாது. முடித்த வேலையை வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மனசுக்குள் மறுபடி மறுபடி பிரித்துப் பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

நீச்சல்

சூசை முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஒரு புரட்டாசி மாத உச்சிவெயிலில். குளத்தூருக்குக் கிழக்கே, உப்பளங்களைத் தாண்டி இருக்கும் ஒரு கடற்கரை ஊர் அவருக்கு. மீன்பிடிக்கச் சொந்தமாக ஒரு வள்ளம். உப்பு லாரி டிரைவர் ஒருவர், நான் போர் லாரியில் இரண்டு பேட்டரி வைத்து சுவிட்ச் மாட்டியதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"போன மாசம் நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோச்சு அண்ணாச்சி. செல்ஃப் எடுக்கல. வயர்லெஸும் அதே பேட்டரிதான், அதுவும் ஊமையாயிட்டு. காலையிலருந்து பொழுதடையிற வரைக்கும் நானும் மச்சினனும் மிதந்து கெடந்தோம். வேற வள்ளக்காரன் கண்ணுல பட்டதால ஆச்சு" என்றார். குரலை உயர்த்தாமல், பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். எங்கள் பக்கம் கண்மாய் நிறைவதே நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் எனக்கு மூச்சு முட்டும்.

அவர் கேட்ட வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு திருகு சுவிட்ச். அதில் நாலு நிலை: ஒன்று, இரண்டு, இரண்டும் சேர்த்து, ஆஃப். ஒன்றாம் பேட்டரியில் வயர்லெஸ், ஜி.பி.எஸ்., தண்ணீர் இறைக்கிற மோட்டார் எல்லாம் ஓடட்டும்; அது செத்தால், தொடாமல் வைத்திருக்கிற இரண்டாவதுக்குத் திருப்பி இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு வீடு வந்து சேரலாம். செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, வள்ளம் கரையில்தானே நிற்கும் என்று இரண்டு தடவை கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீச்சல் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன்.

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி. நீச்சல் தெரிஞ்சவன் வேலையை அரைகுறையாச் செஞ்சிட்டு நீந்தி வந்துருவான்."

மூடியே கிடந்த பெட்டி

என்னோடு வந்தவன் முத்துராஜ். கடையில் எனக்குக் கூட்டாளி, என் வயசுதான், நல்ல வேலைக்காரன். நாங்கள் போனபோது வள்ளம் கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்றது. பழைய பேட்டரியை சூசை ஒரு பலகைப் பெட்டிக்குள் வைத்து, உப்புத் தண்ணீர் படக்கூடாதென்று காற்றுகூடப் புகாமல் மூடி வைத்திருந்தார். அன்று காலையில்தான் கடலிலிருந்து வந்திருந்தார்கள். பேட்டரி அதுவரை சார்ஜ் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது.

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வாயு வரும், அது பொறி பட்டால் வெடிக்கும், பெட்டியைத் திறந்தால் கொஞ்சம் ஆறவிட வேண்டும். கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் ஓதுகிற பாடம் இது. அன்றைக்கு வள்ளம் லேசாக ஆடியது. சீக்கிரம் முடித்துவிட்டு மணலில் இறங்கினால் போதும் என்றிருந்தது எனக்கு. மூடியைத் தூக்கியதும் ஸ்பேனரை வைத்தேன். அதன் மறுமுனை இன்ஜின் இரும்பில் உரசியது. நீலமாக ஒரு பொறி பார்த்தேன். சத்தம் கேட்டதா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது. அது தண்ணீர் இல்லை, வெடித்த பேட்டரியின் ஆசிட் என்று தெரிய அரை நொடி ஆயிற்று. அதற்குள் கண் எரிய ஆரம்பித்துவிட்டது.

முத்துராஜ் சட்டையைப் பிடித்து என்னைக் கரைக்கு இழுத்தான். சூசையின் மனைவி கிளாரா, லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் முகத்தில் ஊற்றினாள். நான் கண்ணைத் திறக்கவே இல்லை. எரிச்சலால் மட்டும் இல்லை. திறந்து, ஒன்றும் தெரியாமல் போய்விட்டால்? மூடியிருக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருக்கலாமே என்று இமையை இறுக்கிக்கொண்டேன். நாங்கள் வந்த வேனில் விளாத்திகுளம் ஆஸ்பத்திரி வரை அப்படியே போனேன். டாக்டர்தான் விரலால் இமையைப் பிரித்தார். மங்கலாக ஒரு டியூப்லைட். அதற்குக் கீழே முத்துராஜ், சுவரோடு சாய்ந்து, என்னைவிட வெளிறிப்போய் நின்றான். கருவிழியில் காயம் இல்லை, நாலு நாள் சொட்டு மருந்து போதும் என்றார் டாக்டர். முத்துராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, உன் வீட்டுல என்ன சொல்லுறதுன்னு வழி பூரா யோசிச்சுட்டே வந்தேன். ஒண்ணும் தோணல. நல்லவேளை, நீ கண்ணைத் தொறந்துட்ட."

ஏழு தடவை

ஒரு வாரம் கழித்து மறுபடி போனோம். புதுசாக இரண்டு பேட்டரி, காற்றுப்போக ஓட்டை போட்ட இரண்டு பெட்டி. இரண்டின் நெகட்டிவையும் ஒன்றாகச் சேர்த்து, பாசிட்டிவ்களைத் தனித்தனியாக சுவிட்சுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு பாசிட்டிவிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். டிராக்டரில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று கடைசி இணைப்பைக் கொடுக்கும் முன் மீட்டரை வைத்து ஏழு தடவை பார்த்தேன். ஏழு தடவையும் சரியாகத்தான் காட்டியது. கேபிளை டெர்மினலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன், எடுத்துவிடுவேன். கரையில் வலை சீர் பார்த்துக்கொண்டிருந்த கிளாரா, நான் கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கும்பிட்டு முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க அண்ணாச்சி, குடத்தை வீட்டுக்குள்ள எடுத்து வைக்கேன்."

திருகிப் பார்த்தவர்

வேலை முடிந்தது, கிளம்புகிறேன் என்றேன். "ஓட்டிப் பாக்காம எப்படிப் போவிய? ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்" என்றார் சூசை. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், சூசையின் மச்சினன் அந்தோணி உட்கார்ந்தார். நடுவில் நான், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு. முத்துராஜ் கரையிலேயே நின்றுகொண்டான். சாமான்களுக்குக் காவல் வேண்டுமாம். முதலில் வீடுகள் சின்னதாயின. பிறகு உப்புக் குவியல்கள் வெள்ளைப் பொட்டுகளாயின. பிறகு கரையே ஒரு கோடு. கீழே எவ்வளவு ஆழம் என்று கேட்கத் தோன்றியது. பதில் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

பயத்தை மறக்க, அந்தோணிக்கு சுவிட்சை விளக்க ஆரம்பித்தேன். எது எப்போது, ஏன், எப்படி என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே போனேன். இன்ஜின் ஓடும்போது ஆஃபுக்குத் திருப்பவே கூடாது என்பதைக் கடைசியில் அழுத்திச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அந்தக் கடைசிக்கு நான் வந்து சேரவே இல்லை. அவர் எழுந்து வந்து, குனிந்து, ஒரே திருகாக ஆஃபில் வைத்துவிட்டார். ஜி.பி.எஸ். திரை கறுத்தது. கருகல் வாடை அடித்தது. பேட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற டைனமோ போய்விட்டது என்று மூக்கே சொல்லிவிட்டது. தீப்பிடித்ததோ என்று சூசை இன்ஜினை நிறுத்திவிட்டார்.

இன்ஜின் நின்ற பிறகு கடல் எவ்வளவு அமைதி என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பலகையில் அலை தட்டுகிற சத்தம் மட்டும். கையால் சுற்றிக் கிளப்புகிற இன்ஜின் இல்லை அது. இனி நான் மாட்டிய ஒயர் என்னைக் கரை சேர்த்தால்தான் உண்டு. கெட்ட டைனமோ பேட்டரியை உறிஞ்சிவிடக்கூடாதென்று அதன் ஒயரைக் கழற்றி டேப் சுற்றினேன். ஒரு நட்டைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆனது அன்றுதான். சுவிட்சை இரண்டில் வைத்தேன். சூசை சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு தடவை முனகியது, நின்றது. என் உயிரும் அதோடு நின்றது. அடுத்த திருப்பலில் பிடித்துக்கொண்டது. கரை வந்து கால் மணலில் பட்டதும் அந்தோணியைப் பார்த்து, ஏன் ஐயா அதைத் தொட்டீர் என்று கத்தினேன். அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

"என்ன செய்யும்னு கேட்டா நீங்க இன்னும் ஒரு மணி நேரம் சொல்லுவீங்க அண்ணாச்சி. அதான் திருப்பியே பாத்துட்டேன்."

இரண்டாம் நம்பர் நட்டு

ஐப்பசி பிறந்த பிறகு வேறு டைனமோ மாட்டப் போனேன். இரண்டாம் பேட்டரியின் கேபிளையும் கழற்றி உப்பைத் துடைத்து மறுபடி மாட்டினேன். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உப்பளத்தை ஒட்டிய பாதை நனைந்தால் பைக் சக்கரத்தில் மண் அப்பி நகரவே நகராது. முதல் தூற்றல் விழுந்ததும் சாமான்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் நாலு மணிக்குக் கிளாராவின் போன். "அண்ணாச்சி, காலையில கடலுக்குப் போனவிய. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவாவ. இன்னும் காணல. வயர்லெஸ்ல கூப்பிட்டும் பதில் இல்ல. அந்த சுவிட்ச்சு... அது நல்லாத்தானே இருக்கும்?" நல்லாத்தான் இருக்கும்மா என்று வாய் சொன்னது. அதே நேரத்தில் என் கை இரண்டாம் நம்பர் நட்டை விரலால் திருகுவது எனக்குத் தெரிந்தது. விரலால் திருகினேன். பிறகு ஸ்பேனரை எடுத்தேன். எடுத்தேனா? தூற்றல் விழுந்தது. ஸ்பேனர் கையில் இருந்ததா, பையில் இருந்ததா? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் மழை மட்டும்தான் இருந்தது.

எட்டையபுரம், விளாத்திகுளம், குளத்தூர் என்று பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கடைசிப் பாதையில் சக்கரம் சேற்றில் சிக்கியதும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். இரண்டு வள்ளம் தேடப் போயிருக்கிறது என்றார்கள். கிளாரா கடலைப் பார்த்தபடி நின்றாள். சொல்லாமல் இருந்துவிடலாம், என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்தில் போய், "ஒரு நட்டை நான் இறுக்காம விட்டுட்டேனோன்னு சந்தேகமா இருக்கும்மா" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். என்னை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். ஆசிட் பட்டபோதுகூட அப்படி எரியவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்கும் முன்பே கிளாராவுக்குக் கேட்டிருக்கிறது, தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். சூசையின் வள்ளம்தான். சொந்த இன்ஜினில்தான் வந்தது. நடந்தது இதுதான்: மழைத் தண்ணீரை இறைத்து இறைத்து ஒன்றாம் பேட்டரி செத்திருக்கிறது. இரண்டுக்குத் திருப்பினால் சத்தமே இல்லை. நட்டு கழன்று எங்கோ உருண்டுவிட, கேபிள் தனியாகத் தொங்கியிருக்கிறது. எண்ணெயும் தண்ணீருமாகக் கிடந்த அடிப்பலகையில் மூன்று மணி நேரம் துழாவியும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தோணி, துணியைச் சுற்றிக்கொண்டு கேபிளைக் கையாலேயே டெர்மினலில் அழுத்திப் பிடித்திருக்கிறார். சூசை சாவியைத் திருப்பியிருக்கிறார். நாலாவது தடவையில்தான் கிளம்பியது. அந்த நாலு தடவையும் பொறி பறந்திருக்கிறது. அந்தோணியின் உள்ளங்கை தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அவர் அதைக் கடல் தண்ணீரில் முக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

சூசை சட்டைப்பையில் கையை விட்டு எதையோ எடுத்து என் கையில் வைத்து மூடினார். வரும் வழியில் அது அவர் காலில் தட்டுப்பட்டதாம். திறந்து பார்த்தேன். நட்டு. அவர் சத்தம் போடவே இல்லை.

"இங்கன கரையில வச்சே முறுக்கிருங்க அண்ணாச்சி. அங்கன வச்சு முறுக்குறதுக்கு எங்களுக்குக் கை பத்தல."

இப்போதெல்லாம் மாவு மில் வேனுக்கு ஹாரன் மாட்டினால்கூட ஒவ்வொரு ஒயரையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன், பார்க்கிறவர்கள் "என்ன ஒரு தொழில் பக்தி" என்கிறார்கள், அது வெறும் பயம்தான் என்று நானும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.