போத்தல் மூடி திறக்கும் சத்தம்

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம். பத்தாங் காலியில் என் தம்பி சேகர் வீடு. அப்பா படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தாகிவிட்டது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்தில் நானே பார்த்து வாங்கிவந்த இறால், உளுந்து வடை, ஒரு பெட்டி சிகரெட்... நடுவில் ஒரு பிராந்தி போத்தல்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? இறந்தவருக்கு எது பிடிக்குமோ அதை வைத்துப் படைக்க வேண்டும். அப்பாவுக்கு அது பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும். அது உள்ளே போன பிறகு எங்களைத்தான் பிடிக்காது.

போத்தலைத் திறந்து கிளாஸில் ஊற்றுவது வழக்கமாக சேகர். அந்த நேரம் பார்த்து எனக்குத் தலைவலி வந்துவிடும். வருஷா வருஷம். அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். சூடு என்றார்கள். கண் பட்டது என்று கையில் கயிறு கட்டினார்கள். ஸ்கேன்கூட எடுத்தாயிற்று. தலைக்குள் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. என் வீட்டுக்காரர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இந்த முறை சேகர் போத்தலை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"இந்த வருஷம் நீ ஊத்துக்கா. மூத்த பிள்ளை நீதானே. ஒவ்வொரு தடவையும் தலவலின்னு போய்ப் படுத்துக்கிறே. அம்மா மனசு கஷ்டப்படுது லா."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் மனைவி மாலா சூடத்தட்டோடு காத்திருந்தாள்.

ஊற்றிவிட்டால் ஒரு நிமிஷ வேலை. மறுத்தால்? விடிந்தால் தீபாவளி. செத்துப்போன அப்பாவை வைத்து நல்ல நாளும் அதுவுமாய் யாராவது சண்டை போடுவார்களா? அம்மா முகத்தைப் பார்த்தேன். மூடியைத் திருகினேன். கிரிக் என்றது.

அவ்வளவுதான். தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டன. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் எஸ்டேட் லயத்தில்தான், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் வளர்ந்தோம். இந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிய வேண்டும் — அது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். சேகர் சின்னப் பிள்ளை, அழுதுவிடுவான். அவன் வாயைப் பொத்திக்கொள்வேன். உள்ளே என்னென்னவோ உடையும். அம்மாவின் குரல் கேட்கும். பிறகு கேட்காது. கேட்காதபோதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

இதையெல்லாம் சேகரிடம் கேட்டால், "எனக்கு ஒன்னும் ஞாபகமில்லக்கா" என்பான். கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம்தான் ஒரு கவுன்சிலரிடம் போனேன். அப்பா போய் எவ்வளவு காலமாச்சு, எனக்கு ஏன் இன்னும் இப்படி ஆகிறது என்று கேட்டேன். "அவர் போனது உங்களுக்குத் தெரியும். உங்க உடம்புக்கு யாருமே சொல்லலையே" என்றார் அந்த அம்மாள். கோபம்தான் வந்தது. காரில் திரும்பி வரும்போது, செம்பனைக் காட்டு ரோட்டில், அழுகை வந்தது.

உடம்புக்கு எப்படிச் சொல்வது? அதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். பாதத்தைத் தரையில் அழுத்து. மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடு. கண்ணில் படுகிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லு. பாலர்பள்ளிப் பாடம் மாதிரி இருந்தது. ஆனாலும் செய்தேன். லோரி ஹார்ன் அடித்தால் செய்தேன். யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் செய்தேன். சில நாள் உடம்பு சொன்னபடி கேட்டது. சில நாள் கேட்கவே இல்லை.

இப்போது கேட்குமா? நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்துவிட்டது. அறை இதோ, நாலு எட்டில் இருக்கிறது...

பாதத்தை அழுத்தினேன். ஜில்லென்று இருந்தது. டைல்ஸ். லயத்தில் வெறும் சிமெண்டுத் தரை. மூச்சை விட்டேன். நீலத் திரைச்சீலை. வாழையிலை. மாலாவின் வளையல். அப்பாவின் படம். அது படம். அவர் இல்லை.

போத்தலைத் திரும்ப மூடினேன்.

"என்னால முடியாது தம்பி."

"செத்துப் போனவரு மேல இன்னும் என்னக்கா கோபம்?"

குரல் உயர்ந்துவிட்டது. அச்சு அசல் அப்பாவின் குரல். ஆனாலும் நான் அறைக்குள் போகவில்லை.

"கோபம் இல்லப்பா. பயம். இந்தச் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் பயமா இருக்கு."

அப்போதுதான் சேகரைக் கவனித்தேன். போத்தலைக் கொடுத்தபோது என் பக்கத்தில் நின்றவன், இப்போது பின்கதவு ஓரம் நின்றான். கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. எப்போது போனான்? அவனுக்கே தெரியவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப அழுத்திப் பொத்துவேக்கா நீ," என்றான் மெதுவாக. "மூச்சே விட முடியாது."

ஒன்றும் ஞாபகமில்லை என்றவன்! வருஷா வருஷம் பின்கதவைத் தேடும் இந்தக் கையோடுதான் போத்தலைத் திறந்திருக்கிறான். நான் அறைக்குள் படுத்துக்கொண்டேன். இவன் படுக்க இடமில்லாமல் நின்றிருக்கிறான்.

அம்மா எழுந்தார். இனி அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். நேரே சமையலறைக்குப் போனார். கரண்டி கிளாஸில் கலக்கும் சத்தம் மட்டும் வந்தது. திரும்பி வந்தவர் கையில், ஆவி பறக்கத் தேத்தண்ணி.

"வெடியக்காலையில பால் வெட்டப் போறதுக்கு முன்ன இதத்தான் குடிப்பாரு," என்றார் அம்மா. "அந்த நேரத்துல நல்ல மனுசன் லா உங்கப்பா."

மாலா போத்தலை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

குணமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். அன்றைக்கும் தலை வலிக்கத்தான் செய்தது. ஆனால் வருஷக்கணக்கில் முதல் தடவையாக, படையல் முடியும்வரை அந்தக் கூடத்தில் நின்றேன். தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான்.

சூடம் காட்டினோம். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். போத்தல் இருந்த இடத்தில் தேத்தண்ணி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.